துருப்பிடிக்க வைக்கும் ஜந்தும் புரட்டிப் போட்டால் எழ முடியாத ஜந்தும்: பழைய டி அண்ட் டி மிருகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் அதன் பழைய மிருகப் புத்தகங்களைப் புரட்டினால் இரண்டாவது பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ‘இது என்ன, கூரை மாதிரி வேஷம் போடுகிற மிருகமா? இதை யார் யோசித்தது, எதற்கு?’ என்று கேட்கிறார்கள். பல வருடமாக அந்தப் பழைய விதிகளிலேயே ஆட்டம் நடத்தி வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன ஆட்டம்? எந்தக் காலத்துப் புத்தகங்களைச் சொல்கிறீர்கள்?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பேச்சாலேயே ஆடும் ஆட்டம் இது. ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். ‘எதிரே ஒரு மரக்கதவு. உள்ளேயிருந்து ஏதோ முனகல் சத்தம்’ என்று அவர் சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ‘நான் கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்’ என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய இந்த ஆட்டத்தை 1974-ல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்கிற சின்ன ஊர்தான் அதன் பிறப்பிடம். ஒரு பெட்டிக்குள் மூன்று மெல்லிய புத்தகங்கள். முதல் அச்சு 1000 பிரதிகள். 1975-ல் ‘கிரேஹாக்’ என்ற துணைநூல் வந்தது. 1977-ல் கெட்டி அட்டை போட்ட ‘மான்ஸ்டர் மேனுவல்’ வந்தது, அதில் 350-க்கும் மேல் ஜந்துக்கள். 1981-ல் இங்கிலாந்துக்காரர்கள் தொகுத்த ‘ஃபீண்ட் ஃபோலியோ’, 1983-ல் ‘மான்ஸ்டர் மேனுவல்’ இரண்டாம் தொகுதி. நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்தப் பத்து வருடக் கதை.

டிராகன் புரிகிறது, எலும்புக்கூடு புரிகிறது. மற்றவை ஏன் இப்படி இருக்கின்றன?

அந்தக் காலத்து ஆட்டத்தில், பாத்திரத்தின் பலத்தைக் கூட்டும் அனுபவப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. சண்டை போட்டுக் கொன்றால் கிடைப்பது அற்பம். அதனால் ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்தார்கள். புதையலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே வரப் பார்த்தார்கள். கதவைத் திறக்கும் முன் காது வைத்தார்கள். தரையில் கால் வைக்கும் முன் பத்தடி நீளக் கம்பால் தட்டிப் பார்த்தார்கள். அந்தக் கம்பு 1974 புத்தகத்தின் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. விலை ஒரு பொற்காசு.

இப்போது டிஎம்மின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதே ஆட்கள் வாராவாரம் வருகிறார்கள். போன வாரம் ஏமாந்த பொறியில் இந்த வாரம் விழமாட்டார்கள். அவர்கள் எதைப் பழக்கமாக்கிக்கொண்டார்களோ, அதற்குப் பதில் சொல்கிற ஜந்து ஒன்று தேவைப்பட்டது. பெட்டியைக் கண்டதும் ஓடிப்போய்த் திறந்தார்கள், பெட்டியே பல்லைக் காட்டியது. கனத்த கவசத்தை நம்பி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள், கவசத்தைத் தின்கிற ஒன்று வந்தது.

இந்த ஜந்துக்களைக் காட்டில் வைத்து யோசித்தால் ஒன்றும் புரியாது. எதைத் தின்னும், எப்படிக் குட்டி போடும் என்று கேட்டால் பதில் வராது. எந்தப் பழக்கத்தை உலுக்க வந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றும் பதில் சொல்லும். இதற்காகவே இந்தப் பழைய ஜந்துக்கள் மீது எனக்கு இவ்வளவு பிரியம்.

பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து மிருகங்களை உருவாக்கினார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1970-களின் தொடக்கத்தில் மாயாஜால உருவங்கள் கடையில் கிடைப்பது அபூர்வம். போர்வீரர் பொம்மைகள் இருந்தன, பூதங்கள் இல்லை. கைகாக்ஸ் மலிவு விலைக் கடையில் ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் பொம்மைகள் வாங்கிவந்தார். ஹாங்காங்கில் செய்தவை. ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்று உறையில் போட்டிருந்தாலும், உள்ளே இருந்தவை எந்தக் காலத்திலும் பூமியில் நடமாடாதவை. ஒன்றுக்கு ஆமை முதுகும் விசிறி வாலும். ஒன்று கரடி உடம்பில் அலகு வைத்தது போல. இன்னொன்றுக்கு முதுகில் மேடு, பெரிய வாய்.

அலகு வைத்தது ஆவுல்பேர் ஆனது, அதாவது ஆந்தைக்கரடி. விசிறி வால்காரன் ரஸ்ட் மான்ஸ்டர். மூன்றாவது பொம்மைக்கு உயிர் கொடுத்தவர் டிஎஸ்ஆரில் பத்திரிகை ஆசிரியராக இருந்த டிம் காஸ்க். 1976 ஜூனில் வந்த ‘தி டிராகன்’ முதல் இதழில் அதை ‘புலெட்’ என்ற பெயரில் எழுதினார். மண்ணுக்கடியில் நீந்திவந்து பாயும் நிலச்சுறா அது. குட்டை மனிதர்களான ஹாஃப்லிங்குகள் என்றால் அதற்கு உயிர், அவர்களுடைய மட்டக்குதிரையும் பிடிக்கும்; கூர்க்காது கொண்ட எல்ஃப்களை மட்டும் தின்னவே தின்னாது. ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு நாக்கு ருசி வரைக்கும் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆந்தைக்கரடி எங்கிருந்து வந்தது என்பதற்குப் புத்தகம் தருகிற விளக்கம், புத்தி பேதலித்த ஏதோ ஒரு மந்திரவாதியின் பரிசோதனையாக இருக்கலாம் என்பதுதான். எனக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை.

ரஸ்ட் மான்ஸ்டர் ஆளைக் கடிக்காது, கொல்லாது. அப்புறம் ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

அதன் தலையில் நீளமான இரண்டு உணர்கொம்புகள். அவை தொட்ட இரும்பு அந்த நொடியே துருவாக உதிரும். அது துருவைத் தின்று பசியாறும். உலோக வாடையை 90 அடி தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்கும். 1974 விலைப்பட்டியலில் தகட்டுக் கவசம் 50 பொற்காசு. ஆட்டத்தைத் தொடங்கும்போது கையில் இருப்பது மூன்று பகடை உருட்டிப் பத்தால் பெருக்கிய தொகை, அதாவது 30-லிருந்து 180-க்குள். சொத்தில் பெரும்பங்கு ஒரே தொடுதலில் போய்விடும். உயிர் போனால்கூட வேறு பாத்திரத்தை எழுதிக்கொண்டு உட்காரலாம். சேர்த்த பொருள் கண்முன்னே செம்பொடியாகிப் போவதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் கல்லூரி நண்பர்கள். வீரனாக ஆடியவன் ஐந்து வாரம் காசு சேர்த்துக் கவசம் வாங்கியிருந்தான். ஒரு கல்லறையில் கிடைத்த மந்திர வாளும் அவனிடம் இருந்தது. ‘ஆமை முதுகு, நாய் அளவை விடக் கொஞ்சம் பெரிது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உன்னை நோக்கித்தான் ஓடி வருகிறது’ என்றேன். அவன் யோசிக்காமல், ‘வாளை உருவறேன்’ என்றான்.

மந்திரவாதியாக ஆடியவன் அவன் கையைப் பிடித்தான். ‘டேய் இருடா. போன ரூம்ல கதவுக்குக் கீலே இல்லன்னு சொன்னான்ல? தரை பூரா செம்மண் மாதிரி தூள்னு வேற சொன்னான்…’

இரண்டு நொடி யாரும் பேசவில்லை. வீரன் தன் குறிப்புத் தாளைப் பார்த்தான். ‘அய்யோ, என் கவசம்டா!’ என்று அவன் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

ஓடித் தப்பவும் வழியில்லை. கவசம் போட்டவன் ஒரு பங்கு தூரம் போவதற்குள் அந்த ஜந்து மூன்று பங்கு தூரம் போகும். ஆனால் விதியிலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். இரும்புச் சாமான் எதையாவது வீசினால் அது ஒரு சுற்று நின்று தின்னும். கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த இரும்பு முளைகளை ஒவ்வொன்றாக எறிந்தார்கள். டஜன் ஒரு பொற்காசுக்குக் கிடைக்கிற சாமான். வீரன் வாளைப் பின்னால் வீசிவிட்டுப் பத்தடிக் கம்பைக் கையில் எடுத்தான், மரம்தானே துருப்பிடிக்காது. பன்னிரண்டு முளையில் பதினொன்று தீர்ந்த பிறகு அது செத்தது. அந்த இரவில் எங்கள் மேசையில் டிராகன் எதுவும் வரவில்லை. இன்றைக்கும் அவர்கள் பேசுவது அந்த இரவைத்தான்.

ஜெலட்டினஸ் கியூப் ஏன் சரியாகப் பத்தடி சதுரம்?

டிஎம் நிலவறை வரைபடத்தைக் கட்டம் போட்ட கிராஃப் தாளில்தான் போடுவார். ஒரு கட்டம் பத்தடி. தாழ்வாரத்தின் அகலமும் அதேதான். அந்தத் தாழ்வாரத்தில் கச்சிதமாகப் பொருந்தும்படி, நீளம் அகலம் உயரம் மூன்றும் பத்தடியாக, கண்ணாடி போன்ற ஒரு கூழ்க்கட்டி ஊர்ந்து வருகிறது. சுவரோடு ஒட்டி வருவதால் வழியில் கிடக்கிற செத்த எலி, உதிர்ந்த இலை, எலும்பு எல்லாம் அதற்குள் போய்ச் செரித்துவிடும். உலோகம் செரிக்காது. காசும் கத்தியும் அதன் உடம்புக்குள்ளேயே மிதந்துகொண்டிருக்கும். தொட்டால் உடம்பு மரத்துப்போகும்.

கிராஃப் தாளின் ஒரு கட்டத்துக்கு உயிர் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு ஜந்து. வரைபடம் போட்டுப் பழகிய கைதான் இதை யோசித்திருக்க முடியும். பழைய ஜந்துக்களிலேயே அழகானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கூரையும் தரையும் பெட்டியும்கூட மிருகமா?

ஆமாம், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. லர்க்கர் அபவ், திருக்கைமீன் போல விரிந்து கூரையில் ஒட்டியிருக்கும். அடிவயிறு கருங்கல் போலவே இருக்கும். கீழே ஆள் வந்ததும் விழுந்து மூடி மூச்சுத்திணற வைக்கும். டிராப்பர் அதற்கு நேர்மாறு, தரை போலப் படுத்திருக்கும். தன் நடுவிலேயே ஒரு மேடு எழுப்பி அதைப் பெட்டி போலக் காட்டவும் அதற்குத் தெரியும். ஆட்கள் நடுவுக்கு வந்ததும் நான்கு பக்கமும் சுருட்டிக்கொள்ளும். ஸ்டன்ஜெல்லி சுவராக நிற்கும். மிமிக் பெட்டியாகவோ கதவாகவோ இருக்கும், தொட்டவரைப் பசை போல ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஆட்டத்தில் இத்தனையும் வந்தால் ஆட்டக்காரர்கள் ஓரடி எடுத்துவைக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். சுவரைக் குத்து, தரையைக் குத்து, கூரையைக் குத்து என்றே இரவு போய்விடும். அந்தக் குறை நியாயமானதுதான். ஒரு நிலவறைக்கு ஒன்று போதும்.

மிமிக் பற்றிப் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 1977 புத்தகத்தின்படி அதில் இரண்டு வகை. ஒன்று கொலைகார வகை. மற்றது பேசக்கூடியது, சாப்பாடு கொடுத்தால் சிநேகமாகி, பக்கத்தில் தான் பார்த்த சங்கதிகளைச் சொல்லும். பெட்டியோடு பேரம் பேச இடம் வைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதியை மறந்துவிட்டார்கள்.

பியர்சரை எந்தக் கணக்கில் மிருகம் என்பது?

குகைக் கூரையிலிருந்து கூம்பு போலத் தொங்கும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். பியர்சர் அதே உருவம். கீழே ஆள் வந்தால் கூர்முனை கீழாக விழும். பட்டால் பட்டது. குறி தவறினால் தரையில் கிடந்து நத்தையாக ஊர்ந்து, மறுபடி சுவரேறிக் கூரைக்குப் போக வேண்டும். வாழ்நாளில் எத்தனை தடவை அதற்குச் சாப்பாடு கிடைத்திருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இதைக் காப்பாற்ற எத்தனையோ பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள். ‘டிராகன்’ பத்திரிகையில் ஜந்துக்களின் வாழ்க்கைமுறையை விளக்கும் ‘சூழலியல்’ கட்டுரை வரிசை 1983-ல் தொடங்கியபோது, முதல் கட்டுரையே பியர்சரைப் பற்றித்தான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இது ரோப்பர் என்ற பெரிய ஜந்துவின் குஞ்சுப் பருவம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது வருடம் அநாதையாகத் தொங்கிய ஜந்துவுக்கு அப்பா அம்மா கிடைத்தார்கள்.

இயர் சீக்கர் நியாயமா?

என் பதில்: இல்லை. இதை விவரமாகவே சொல்ல வேண்டும்.

1974 விதியில் கதவில் காது வைத்துக் கேட்டால் மனிதனுக்கு ஆறில் ஒரு வாய்ப்பு, எல்ஃப் போன்றவர்களுக்கு ஆறில் இரண்டு. உள்ளே ஏதாவது இருந்தால் சத்தம் காதில் விழும். விதியே கொடுத்த கருவி என்பதால் எல்லோரும் ஒவ்வொரு கதவிலும் காது வைத்தார்கள். டிஎம்களுக்கு அலுப்புத் தட்டியது. அதற்குப் பதிலாக வந்த பூச்சிதான் இயர் சீக்கர். மரக்கதவில் குடியிருக்கும். காது வைத்தவரின் காதுக்குள் புகுந்து 9 முதல் 16 முட்டை வரை இடும். 4 முதல் 24 மணி நேரத்தில் முட்டை பொரிந்து, குஞ்சுகள் சதையைத் தின்னும். பத்தில் ஒன்பது பேர் பிழைக்கமாட்டார்கள். நோய் தீர்க்கும் மந்திரம் கைவசம் இருந்தால் தப்பலாம்.

நான் டிஎம் ஆன முதல் வருடம், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பாத்திரத்தை இந்தப் பூச்சியால் கொன்றேன். அவள் செய்த தப்பு என்ன? எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடி ஜாக்கிரதையாகக் கதவில் காது வைத்தாள். கதவைப் பற்றி நான் எந்தத் தடயமும் தரவில்லை. அரிக்கும் சத்தம் கேட்டதாகச் சொல்லவில்லை, கதவில் ஓட்டை இருப்பதாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விதிப்படிதானே செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன்.

ரஸ்ட் மான்ஸ்டரும் தண்டிக்கிறது, இயர் சீக்கரும் தண்டிக்கிறது. ஆனால் ரஸ்ட் மான்ஸ்டர் எதிரே வந்து நிற்கும். ஓடலாம், எறியலாம், கவசத்தைக் கழற்றலாம். ஆட்டக்காரர் யோசிக்கிற நேரம்தான் அங்கே ஆட்டம். இயர் சீக்கரில் ‘காது வைக்கிறேன்’ என்று சொன்ன அந்த வாக்கியத்தோடு எல்லாம் முடிந்தது. அழுகிய பொருளைக் கிளறினால் தோலுக்குள் புகுந்து நெஞ்சை நோக்கிப் போகும் ராட் கிரப் புழுவும் கிட்டத்தட்ட இதே சாதி. அதிலாவது உடனே தீயால் சுட்டுக் காப்பாற்றலாம் என்று ஒரு வழி உண்டு.

ஃபிளம்ஃப் என்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அதில் என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கிய ‘ஒயிட் டுவார்ஃப்’ பத்திரிகையில் ‘ஃபீண்ட் ஃபேக்டரி’ என்றொரு பகுதி இருந்தது. வாசகர்கள் தாங்கள் யோசித்த ஜந்துக்களை எழுதி அனுப்புவார்கள். டான் டர்ன்புல் அதைப் பார்த்துக்கொண்டார். அப்படி வந்தவற்றில் தேர்ந்தெடுத்து அவர் தொகுத்ததுதான் ஃபீண்ட் ஃபோலியோ. சம்பளத்துக்கு எழுதியவர்களின் புத்தகம் அது இல்லை. வீட்டு மேசையில் ஆடியவர்கள் எழுதியது. அதனால்தான் அதில் அவ்வளவு மேடும் பள்ளமும். பின்னாளில் அறிவியல் புனைகதை எழுத்தாளராகப் பெயர் பெற்ற சார்லஸ் ஸ்ட்ராஸ் சின்ன வயதில் அனுப்பிய கித்யாங்கி என்ற ஜந்து அதன் அட்டைப் படமாகவே ஆனது. அதே புத்தகத்தில்தான் ஃபிளம்ஃபும் இருக்கிறது.

இரண்டடி அகலத் தட்டு போன்ற உடம்பு, அடியில் முட்களும் தொங்கும் இழைகளும், மேலே இரண்டு கண்கள். காற்றில் ஜெல்லி மீனாக மிதக்கும். ஆபத்து வந்தால் குமட்டுகிற நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும். யாராவது புரட்டிப் போட்டுவிட்டால் எழத் தெரியாது. இதையெல்லாம்விட முக்கியமானது, இதன் குணம் என்ற இடத்தில் ‘ஒழுங்கும் நன்மையும்’ என்று எழுதியிருப்பது. முனிவர்களுக்கும் புனித வீரர்களுக்கும் கொடுக்கிற குணம் அது.

எத்தனையோ வருடம் ஃபிளம்ஃப் என்றாலே கிண்டல்தான். எனக்கு அது ஒரு நல்ல கேள்வியாகத்தான் படுகிறது. நிலவறையில் வினோத உருவம் ஒன்றைக் கண்டதும் நாம் ஏன் வாளை எடுக்கிறோம்? உதவி கேட்டு மிதந்து வந்ததோ என்று யாரும் நின்று கேட்டதில்லையே. 2014 மான்ஸ்டர் மேனுவலில் அதைச் சேர்த்தபோது கூடவே இன்னொன்றையும் சேர்த்தார்கள். அது மற்றவர் மனதில் ஓடுவதை உணரும், பாதாளத்தின் தீய எண்ணங்களைக் கேட்டு வருந்தும், நல்லவரைக் கண்டால் எச்சரிக்கும். பழைய பக்கத்தில் விதையாக இருந்ததைத்தான் வளர்த்திருக்கிறார்கள்.

நில்பாக்?

குட்டிப் பூதத்தைக் குறிக்கும் கோப்ளின் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் நில்பாக். அடித்தால் அதற்குக் காயம் ஆறும், குணமாக்கும் மந்திரம் போட்டால்தான் சாகும். பக்கத்தில் போனவர்களுக்கும் புத்தி தலைகீழாகி, தங்கள் புதையலைத் தாங்களே கொண்டுபோய் அதனிடம் கொடுப்பார்கள். ஒரு இரவுக்கு ஒரு தடவை நன்றாக இருக்கும். இரண்டாவது தடவை எடுபடாது, ஏனென்றால் விடை தெரிந்துபோன விடுகதை அது.

புலித்தலை ராட்சசன் எப்படி வந்தான்? நம் ராட்சசனா அது?

இந்தக் கேள்வியைத் தமிழ் வாசகர்கள் கேட்காமல் இருந்ததே இல்லை. 1977 புத்தகத்தில் டேவிட் டிராம்பியர் வரைந்த படம் அது: புலித்தலை, வீட்டில் உடுத்துகிற மேலங்கி, கையில் புகைக்குழாய், நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் ராட்சசன். முதலில் இந்தியாவில் அறியப்பட்டவர்கள் என்று கீழே குறிப்பு. எதிரே நிற்பவர் நம்புகிற ஆளின் உருவில் தோன்றுவான். சாதாரண ஆயுதம் ஒன்றும் செய்யாது. ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் மட்டும் உடனே சாவான்.

அந்த அம்பைத் தேடிக்கொண்டு நம் இதிகாசங்களில் அலைய வேண்டாம், கிடைக்காது. 1974-ல் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ தொலைக்காட்சித் தொடரில் ஒரு வாரம் ராட்சசன் வந்தான். நம்பிக்கையானவர் உருவில் வந்து கொல்வதும், குறுக்குவில் அம்பால் முடிவதும் அங்கிருந்து வந்தவை. அடுத்த வருடமே டிஎஸ்ஆரின் பத்திரிகையில் ராட்சசன் இடம்பிடித்தான். புலித்தலையும் புகைக்குழாயும் ஓவியரின் கை.

ஆனாலும் அடிப்படை ஒன்றில் அவர்கள் தவறவில்லை. உருவம் மாற்றி நம்ப வைப்பதுதான் நம் கதைகளிலும் அரக்கரின் பெரிய வித்தை. மாரீசன் பொன்மானாக வந்தான். கம்பனின் சூர்ப்பணகை காமவல்லி என்று பெயர் சொல்லிக்கொண்டு அழகியாக வந்தாள். நம்மில் யாராவது ஆட்டம் நடத்தினால் புலித்தலையை விட்டுவிட்டு இந்த இடத்திலிருந்து தொடங்கலாம். நான் அப்படித்தான் நடத்துகிறேன். ராட்சசன் யார் என்று கடைசிவரை என் மேசையில் யாருக்கும் தெரியாது.

எல்லாமே இவர்களுடைய சொந்தக் கற்பனையா?

இல்லை, பலவும் கடன் வாங்கியவை. தலை கனத்து எப்போதும் குனிந்தே நடக்கும், கண்ணைப் பார்த்தால் சாவு என்ற கேட்டோப்லெபாஸ், முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி எழுதிவைத்தது. ஒற்றைக் கொம்பு முளைத்த முயல் அல்-மிராஜ், இடைக்கால அரபு நூல்களிலிருந்து ஃபீண்ட் ஃபோலியோவுக்கு வந்தது. தான் நிற்கும் இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளித் தெரிகிற டிஸ்பிளேசர் பீஸ்டின் உருவம், 1939-ல் ஏ. ஈ. வான் வோட் எழுதிய அறிவியல் கதை ஒன்றில் வந்த பூனை ஜந்துவிடமிருந்து எடுத்தது.

மற்ற ஆட்டங்களில் இப்படி உண்டா?

உண்டு. 1978-ல் கேயாஸியம் நிறுவனம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட்டில் வாள் பிடித்த வாத்துகள் இருக்கின்றன. எதிரிகளாக மட்டும் வருபவை இல்லை, ஆட்டக்காரரே வாத்தாக ஆடலாம். மனித உடம்பில் ஆக்டோபஸ் தலை வைத்த வாக்டபஸும் அங்கேதான். டி அண்ட் டி-யின் ஜந்துக்கள் ஒரு தாழ்வாரத்துக்காகப் பிறந்தவை என்றால், ரூன்குவெஸ்ட்டில் வாத்துக்கும் குலம், கடவுள், சாபம் எல்லாம் இருக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மரக்கட்டை மேல் முயல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று பார்த்தேன். அது என்ன?

அதன் பெயரே ‘ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்’ என்ற பொருளில் வரும். கட்டை மாதிரி தெரிவதுதான் மிருகம், மேலே முயல் போலத் தெரிவது அதன் தூண்டில் புழு. விழுந்து நொறுங்கிய விண்கலத்தையே நிலவறையாக வைத்த 1980-ஆம் வருட சாகசப் புத்தகத்தில் முதலில் வந்தது. ஆழ்கடலில் விளக்கு தொங்கவிட்டு இரை பிடிக்கும் மீன் நிஜமாகவே உண்டு என்பதால், இந்தப் பட்டியலில் இயற்கைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது இதுதான்.

இன்றைய விதிகளில் ஆடுகிறோம். இவற்றைச் சேர்க்கலாமா?

தாராளமாக. ரஸ்ட் மான்ஸ்டர், கியூப், மிமிக், ஆந்தைக்கரடி, ஃபிளம்ஃப் ஐந்தும் 2014 புத்தகத்திலேயே இருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இன்றைய ஆட்டத்தில் எதிரே வந்த எதையும் அடித்து முடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கேஸ் ஸ்போர் அந்தப் பழக்கத்துக்கான ஜந்து. பதினொரு கண் கொண்ட பிஹோல்டர் என்ற பயங்கர மிருகத்தைப் போலவே மிதந்து வரும் காளான் பந்து அது, அடித்தால் வெடித்து சுற்றிலும் இருபதடிக்குள் இருப்பவர்களைக் குதறிவிடும். அதை வைப்பதென்றால் கண்கள் எங்கேயும் பார்க்காமல் வெறித்திருப்பதையும், காற்றடித்த பக்கம் அது நகர்வதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இயர் சீக்கரிடம் நான் கற்றது அது.

முதல் தடவையாக டிஎம் ஆகப்போகிறேன். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஜெலட்டினஸ் கியூப். பழைய மான்ஸ்டர் மேனுவலின் மின்பதிப்பு இன்றும் விலைக்குக் கிடைக்கிறது; அந்தப் பத்தியைப் படித்துக்கொள்ளுங்கள், அரைப் பக்கம்கூட இல்லை. கட்டம் போட்ட தாளில் நீளமாக ஒரு தாழ்வாரம் வரையுங்கள். மற்ற அறைகளிலெல்லாம் தூசி, சிலந்தி வலை, எலி எலும்பு என்று சொல்லிவிட்டு, இந்தத் தாழ்வாரத்தில் கல்தரை பளபளக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். சற்றுத் தூரத்தில் ஒரு வாள் அந்தரத்தில் நிற்கிறது, கூடவே நாலு காசு, ஒரு சாவி. பிறகு பேச்சை நிறுத்திவிடுங்கள். ‘இவ்வளவு சுத்தமா இருக்கே, இதை யாரு பெருக்கினா?’ என்று மேசையில் யாராவது ஒருவர் கேட்கும்வரை பகடையைக் கையில் எடுக்காதீர்கள்.